சாவி யாருகிட்ட இருக்கும், தம்பி?

படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடியும் தம்பி. ம்... நல்லாத்தான் இருக்கு. ஏரலுக்கு ஒரு நூலகம், அதோட ஒட்டி ஒரு சமுதாயக் கூடம். கண்ணாடிச் சுவரு, இரும்புத் தூணு, முன்னால புல்தரை. படத்துல நடமாடுத ஆளுகள்ல ஒருத்தர் தோள்லயும் துண்டு இல்ல, ஒருத்தர் கையிலயும் மஞ்சப்பை இல்ல. ஒரு வெள்ளைக்காரம்மா நாய்க்குட்டியப் பிடிச்சுக்கிட்டு உள்ள போறா. எங்க ஊரு ஆளுக எல்லாம் அன்னைக்குக் குரும்பூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போயிட்டாவளோ? இல்ல, உம்ம கம்ப்யூட்டர்ல எங்க சாடைக்கு ஆளு கெடைக்கலியா?

கோவிச்சுக்கிடாதீரு. படிச்ச பிள்ளைன்னுதான் இம்புட்டும் பேசுதேன். வேற ஆளா இருந்தா "நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டு ஒரு டீயக் குடிச்சுட்டு நடையக் கட்டிருப்பேன்.

இதென்ன, ஆத்தைப் பாக்க இம்புட்டுப் பெரிய சன்னலு? உக்காந்து படிக்கையில தாமிரபரணி தெரியணுமாக்கும். நல்ல எண்ணம். ஆனா 2023 டிசம்பர்ல அது எங்களப் பாக்க வந்துச்சு. சன்னலு எங்க, கதவு எங்கன்னு கேக்கல. 17, 18-ந் தேதி. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62. இந்த மாவட்டத்துல வருசம் முச்சூடும் பெய்யுத மழை காயல்பட்டினத்து ஒரு நாள் கணக்கைவிடக் கொறச்சல். ஆத்துத் தண்ணியும் குளம் ஒடைஞ்ச தண்ணியும் சேந்து கடைத்தெருவுல ஆள் உசரத்துக்கு மேல நின்னுச்சு. பாலத்துக்குப் போற ரோட்டையும் அறுத்துக்கிட்டுப் போயிட்டு. கரண்ட் இல்ல, போன் இல்ல. நாங்க உசுரோட இருக்கோமான்னு தூத்துக்குடில இருந்த சொந்தக்காரனுக்கே தெரியல. நீரு சென்னைதான? அந்த மாசம் பிறந்ததுமே மிக்ஜாம் புயல்ல உமக்கும் முழங்கால் நனைஞ்சிருக்குமே. நனைஞ்ச பொறவும் ஆத்தங்கரையில தரையோட தரையா வாசல் வைக்கீருன்னா, உம்ம தைரியத்தை மெச்சத்தான் வேணும்.

மேக்க ஆதிச்சநல்லூர் இருக்கு. ஒரு நடை போயிட்டு வாரும். 1876-லயே ஒரு ஜெர்மன்காரர் வந்து தோண்டி, கெடைச்சதை பெர்லினுக்குக் கொண்டு போயிட்டாரு. பொறவு அலெக்சாண்டர் ரீன்னு ஒருத்தர் வந்து வருசக்கணக்காத் தோண்டினாரு. தாழி தாழியா வந்துச்சு. அந்தக் காலத்து ஆளுக செத்தவங்களப் பொதைக்க எந்த எடம் பாத்தாவ தெரியுமா? நஞ்சையில இல்ல, வாய்க்கால் ஓரத்துல இல்ல. சரளைக்கல்லுப் பரம்பு, நல்ல மேடு. செத்தவனுக்கே மேடு பாத்த சீமைக்கு வந்து நீரு உசுரோட இருக்க பிள்ளைகளுக்குப் பள்ளம் பாக்கீரு.

சர்வே எல்லாம் பொறவு எடும். மொதல்ல நாலு தெரு நடந்து செவுத்தைப் பாரும். தண்ணி நின்ன கோடு இருக்கும். வெள்ளையடிச்ச வீட்டுலயும் மழைக்காலத்துல ஓதம் ஏறி அந்தக் கோடு வெளிய வந்து நிக்கும். எது வரைக்கும் தண்ணின்னு ஆம்பளையாளுகிட்டக் கேட்டா நெஞ்சைத் தொட்டுக் காட்டுவான். அன்னைக்கு அவன் எது மேல ஏறி நின்னான்னு சொல்ல மாட்டான். பொம்பளையாளுகிட்டக் கேளும். சேத்தை வழிச்சுக் கழுவினது அவதான். அலமாரில மூணாவது தட்டு, சாமி படத்துக்கு நாலு விரக்கடை கீழன்னு சுத்தமாச் சொல்லுவா. அதுக்கும் மேல ரெண்டு முழம் ஏத்தி உம்ம தளத்தை வையும். கட்டடம் தூணு மேல நிக்கட்டும். கீழ காலியாக் கெடக்கட்டுமே, எங்க ஊர்ல காலி எடம் சும்மா கெடக்காது. ஒருத்தன் சைக்கிள் நிறுத்துவான், ஒருத்தி கீரை விப்பா, பிள்ளைக பந்தடிக்கும். படியோட சாய்தளமும் வையும். மாற்றுத் திறனாளிகளுக்குன்னு நீரு ஏட்டுல எழுதிக்கிடும். எனக்கு முட்டிவலி.

புத்தகம் நனைஞ்சா என்ன ஆகும்னு பாத்திருக்கீரா? தண்ணிய இழுத்து, ஊறவச்ச உளுந்தா உப்பிரும். நெருக்கி அடுக்கின தட்டுல இருந்து ஒண்ணையும் உருவ முடியாது. இரும்பு அலமாரியோட பக்கத் தகடே வெளிய பிதுங்கும். ரெண்டு நாள்ல பூசணம். பளபளப்புத் தாள்ல அடிச்ச புத்தகம்னா ஏடோட ஏடு ஒட்டிக்கிடும், அப்புறம் சாமி வந்தாலும் பிரிக்க முடியாது. இத்தாலியில ஃபுளோரன்ஸ்னு ஊரு. 1966 நவம்பர்ல ஆறு பெருகி அங்கன உள்ள தேசிய நூலகத்துக்குள்ள புகுந்துட்டு. எங்கெங்க இருந்தோ இளவட்டப் பிள்ளைக வந்து, சேத்துக்குள்ள வரிசையா நின்னு, கைமாத்திக் கைமாத்திப் புத்தகத்தை வெளிய எடுத்தாவ. அதைச் செப்பனிடுத சோலி பத்து இருபது வருசத்துலயும் முடியல. அம்புட்டுப் பேரும் புகழும் உள்ள ஊருக்கே அந்தப் பாடு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கீரு. அஞ்சாங்கிளாஸோட விட்ட படிப்பை நூலகத்துலதான் முடிச்சேன். இன்னும் முடியல, அது வேற விசயம்.

சரி, புத்தகத்தை மாடிக்குக் கொண்டு போயிருவோம்னு சொல்லுவீரு. போகும். ஆனா வீட்டு மாடிக் கணக்குல தளம் போடாதீரு. வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கினாப் போதும். புத்தக அடுக்கு நிக்குத தளத்துக்கு 600 கிலோ வேணும். அலமாரி உசரம் ஏற ஏற அதுவும் ஏறும். இந்தியத் தரக் குறியீட்டுலயே அப்படித்தான் போட்டிருக்கு. நீரு கல்லூரில படிச்சிருப்பீரு. ஒப்பந்தக்காரரு படிச்ச கணக்கு வேற.

மேக்க எதுக்கு இந்தக் கண்ணாடிச் சுவரு? சித்திரை மாசம் நாலு மணிக்கு அங்கன ஒரு நாற்காலியப் போட்டு, நீரே அரை மணி நேரம் உக்காந்து காட்டும். வேர்க்கும், ஏசி போடச் சொல்லுவீரு. ஏசிக்குக் கரண்ட் பில்லு வரும். பில்லு கட்ட நாதியில்லாம அதை அணைச்சு வைப்பாவ. அணைச்ச பொறவு கண்ணாடியத் தொறக்கவா முடியும்? அதுக்குப் பதிலா ஒரு தார்சா வையும். எங்க பக்கத்து வீடுகள்ல வாசலுக்கும் பட்டாசலுக்கும் நடுவால இருக்குமே, அதான். வெயிலு உள்ள வராது, வந்த ஆளும் உள்ள வந்துதான் ஆகணும்னு இல்ல. நூலகத்துக்கு அதுதான் உசுரு. நோட்டுல கையெழுத்துப் போடக் கூச்சப்படுத ஆளு, செருப்பைக் கழத்தி வச்சா காணாமப் போயிருமோன்னு பயப்படுத ஆளு, அங்கன நமக்கென்ன சோலின்னு நெனைக்குத ஆளு, அம்புட்டுப் பேரும் தார்சா வரைக்கும் வருவான். பேப்பரை அங்கன போடும். இன்னைக்குத் தலைப்பு வாசிப்பான். நாளைக்கு உள்பக்கம். ஒரு மாசத்துல உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ உள்ள நாற்காலிக்குச் சண்டை போடுவான். அதுக்கு மேல அவன உம்மால வெளிய அனுப்ப முடியாது.

இந்த மூலையில என்னமோ சின்னதாப் போட்டிருக்கீரே, என்ன அது? பேன்ட்ரியா? நாலடிக்கு ஆறடி. இதுக்குள்ள யாரு சமைப்பா, உம்ம படத்துல உள்ள நாய்க்குட்டியா?

கேளும். அந்த வெள்ளத்துல திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கெளம்பின எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோட நின்னுட்டு. தண்டவாளத்துக்கு அடியில இருந்த சல்லிய வெள்ளம் வாரிக்கிட்டுப் போயிட்டு. வண்டில ஏறக்குறைய 800 பேரு. 17-ந் தேதி ராத்திரி நின்ன வண்டி. 19-ந் தேதிதான் எல்லாரையும் மீட்டாவ. நடுவால அவியளுக்குச் சோறு போட்டது யாரு? பக்கத்துக் கிராமத்துச் சனம். கோயில்ல அடுப்பை மூட்டி, இருந்த அரிசியப் பொங்கிக் கொண்டு போனாவ. அவிய வீட்டைச் சுத்தியும் தண்ணிதான். ஹெலிகாப்டர் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. பானை அதுக்கு முன்னால வந்துட்டு.

அதனால சமையக்கட்டைப் பெருசாப் போடும், மேல் தளத்துலயே போடும். ரெண்டு அண்டா, நாலு தேக்சா, கரண்டி, வாளி எல்லாம் உள்ளயே பூட்டி வைக்க ஒரு எடம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு விட்டா அதுலயே பராமரிப்புக்குத் துட்டு வரும். கை பம்பு ஒண்ணு, மேடை கட்டி. கக்கூஸ் தொட்டிய வெள்ள மட்டத்துக்குக் கீழ வச்சீருன்னா அன்னைக்கு அதுல இருக்கது எல்லாம் மேல வந்து எல்லாரையும் நலம் விசாரிக்கும். மொட்டை மாடில சோலாரு, பேட்டரி. வெள்ளத்தன்னைக்கு அரிசிக்கு அடுத்தாப்புல ஆளுக தேடினது போனுக்குச் சார்ஜுதான்.

இப்ப நான் கேக்கப் போறதுக்கு உம்ம படத்துல பதில் இல்ல. ராத்திரி பதினோரு மணி. தண்ணி ஏறுது. சாவி யாருகிட்ட இருக்கும்?

சிரிக்கீரு. கடலோரத்துல புயலுக்கு ஒதுங்கன்னு பல்நோக்கு மையம் கட்டிருக்காவ, தூணு மேல, நல்ல பலமா. குத்தம் சொல்லல. ஆனா புயல் வந்தாத்தான் தொறப்போம்னு எந்தக் கட்டடத்தை வச்சிருந்தாலும், புயல் வந்தன்னைக்குப் பூட்டு துருப்பிடிச்சிருக்கும், சாவிக்காரரு மாத்தலாகித் தென்காசிக்குப் போயிருப்பாரு. நூலகத்தையும் கூடத்தையும் ஒண்ணாச் சேத்தீரே, அங்கதான் நீரு உம்மையறியாம ஒரு நல்லது செஞ்சிருக்கீரு. நூலகம்னா விடுமுறை நாளு போக மத்த நாளு தொறந்தாகணும். காலையில நாங்க நாலு கெழடுக வாசல்ல நிப்போம். அஞ்சு நிமிசம் சுணங்கினா நூலகருக்குப் போன் போகும். எங்க வாய்க்குப் பயந்தாவது பூட்டுக்கு எண்ணெய் விடுவாவ. தெனமும் தொறந்து மூடுத கதவு, வெள்ளத்தன்னைக்கும் தொறக்கும். சாவி மூணு போடும். ஒண்ணு நூலகர்கிட்ட, ஒண்ணு மகளிர் சுய உதவிக் குழுவுல, ஒண்ணு எதுத்த டீக்கடையில. பேரூராட்சி ஆபீசுல நாலாவது ஒண்ணு இருக்கும்னு பைல்ல எழுதிக்கிடும். அது எங்கன்னு யாரும் தேடப் போறதில்ல.

ஒரு வில்லங்கம் மட்டும் இருக்கு. இந்தப் பக்கம் குரூப் ஃபோர் பரீச்சைக்குப் பிள்ளைக படிக்கும். அந்தப் பக்கம் சடங்கு வீடு, மைக் செட்டு. நீரு சுவத்துல "அமைதி காக்கவும்"னு எழுதுவீரு. தாய்மாமன் சீரு கொண்டு வரும்போது அந்த எழுத்தை யாரு பாப்பா? ரெண்டுக்கும் நடுவால ஒரு முத்தம் விடும், நாலு வேம்பு வையும். முக்கியமா இதக் குறிச்சுக்கிடும்: மைக் செட்டுக்காரரு யாரு சொல்லியும் கேக்க மாட்டாரு. ஆனா பிளக் பாயின்ட் எங்க இருக்கோ அதுக்குப் பக்கத்துலதான் ஸ்பீக்கரை வைப்பாரு. அந்தப் பாயின்டை ஆத்துப் பக்கத்துச் சுவத்துல வையும். ஆறு கேக்கட்டும்.

புதுசாத்தான் கட்டணுமான்னும் ஒரு தடவ யோசிச்சுப் பாரும். கனடாவுல எங்க பேரன் இருக்கான். அங்கன லாக்-மேகான்டிக்னு சின்ன ஊரு, பிரெஞ்சு பேசுத சனம். 2013 ஜூலைல எண்ணெய் ஏத்தி வந்த ரயிலு ஊருக்கு நடுவால கவுந்து தீப்பிடிச்சு 47 பேரு போயிட்டாவ. நூலகமும் மிச்சமில்லாம எரிஞ்சுட்டு. அடுத்த வருசமே வேற நூலகம் தொறந்துட்டாவ. எங்க தெரியுமா? பழைய தொழிற்சாலைக் கட்டடத்துல. என்ன தொழிற்சாலைன்னு கேட்டா பேரன் போன்லயே மென்னு முழுங்குதான். பொம்பளையாளுக உள்ளாடை தைக்குத கம்பெனியாம். அதுல என்ன வெக்கம்? கூரை ஒழுகாம இருந்துச்சு, எடம் பெருசா இருந்துச்சு, ஊரு பொழைச்சுக்கிட்டு. அந்த ஊர்ல பிறந்த ஒரு எழுத்தாளர் பேரை வச்சிருக்காவ, நெல்லி ஆர்கான்னு. அங்கன யாரும் மந்திரி பேருக்குச் சண்டை போட்டதாத் தாக்கல் இல்ல. நம்ம பக்கமும் ஓடாத ரைஸ்மில்லு மேட்டுல கெடந்தா, ஒரு எட்டு பாத்துட்டு வாரும்.

அப்புறம், இங்க நூலகம் வருதுன்னு தெரிஞ்சா உலகம் பூராவும் புத்தகம் அனுப்பும். சந்தோசம்தான். அதுல பாதி பழைய கைடு, மீதி ஆளுக வீட்டுப் பரண்ல எடம் இல்லாதது. வாரதை எல்லாம் அடுக்கினா அலமாரி நிறையும், படிக்க ஆளு வராது. எதை வேண்டாம்னு சொல்லணும்னு தெரிஞ்ச நூலகர் ஒருத்தரை, கட்டடத்துக்கு வானம் தோண்டும்போதே கேட்டு வாங்கும்.

உம்ம ஊருக்காரர் ஒருத்தரு, நரசிம்மன்னு பேரு, மெட்ராஸ்ல இருந்து போயி யாழ்ப்பாணத்து நூலகத்துக்குப் படம் போட்டாரு. யோசனை சொன்னது நூலகத் துறையில பெரிய கையான எஸ்.ஆர். ரங்கநாதன். 1959-ல தொறந்தாவ. 1981-ல, மே முடிஞ்சு ஜூன் பிறக்குத ராத்திரில அதைக் கொளுத்தினாவ. 97,000 புத்தகம்னு சொல்லுதாவ. ஓலைச்சுவடி இருந்துச்சு, வேற எங்கயும் பிரதி இல்லாத நூலு இருந்துச்சு. பொறவு ஒரு செங்கல், ஒரு புத்தகம்னு ஊர் ஊராக் கேட்டு, கட்டடத்தைப் பழையபடி வெள்ளை வெளேர்னு எழுப்பிட்டாவ. 2003-ல தொறப்பு விழாவே அரசியலாகி நின்னுபோச்சு, அது தனிக் கதை. கட்டடம் திரும்பி வந்துச்சு தம்பி. சுவடி வரல.

இங்கன வெள்ளத்துல போனதும் அச்சடிச்ச புத்தகம் மட்டும் இல்ல. அது எங்கயும் கெடைக்கும். கடைத்தெருவுல மூணு தலைமுறைக் கணக்குப் பேரேடு போச்சு. வீட்டுப் பத்திரம், பிள்ளைக சான்றிதழ், கல்யாண ஆல்பம். ஆல்பத்துல மாலை மட்டும் தெரியுது, மூஞ்சி எல்லாம் கரைஞ்சுட்டு. மேல ஒரு சின்ன அறை ஒதுக்கும். ஒரு ஸ்கேனரு, ஒரு கம்ப்யூட்டரு, அதைப் பாத்துக்கிட ஒரு பிள்ளை. ஊர்ல மிஞ்சி இருக்க காகிதத்தை எல்லாம் கொண்டு வந்து படம் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லும். உம்ம கண்ணாடிச் சுவத்துக்கு ஆகுத செலவுல பத்துல ஒண்ணு ஆகுமா? ஆகாது.

எப்ப முடியும் இந்தக் கட்டடம்? ரெண்டு வருசமா? அப்போ மூணு. மூணு வருசத்துல எட்டாங்கிளாஸ் பிள்ளை பதினொண்ணாங்கிளாஸ் போயிரும். அதுவரைக்கும் அது என்னத்தப் படிக்கும், உம்ம வரைபடத்தையா? 1931-லயே மன்னார்குடிப் பக்கத்துல மேலவாசல்ல மாட்டு வண்டில நூலகம் ஓட்டினாவ. கனகசபைப் பிள்ளைன்னு ஒருத்தரு ஏற்பாடு, ரங்கநாதன் வந்து தொடங்கி வச்சாரு. மாடு இழுத்துட்டுப் போச்சு, சனம் படிச்சுச்சு. இப்ப மாட்டுக்குத்தான் பஞ்சம். குட்டி யானை வண்டி தெருவுக்கு நாலு நிக்கி. நாளைக்கே ஒண்ணுல புத்தகத்தை ஏத்தி விடும். எந்தத் தெருவுல வண்டிய நிறுத்தினாக் கூட்டம் கூடுதுன்னு ஒரு வருசம் பாத்தீருன்னா, கட்டடம் எங்க வரணும்னு உம்ம கம்ப்யூட்டரைக் கேக்கவே வேண்டாம்.

கடைசியா, வாசல்ல இந்தக் கறுப்புக் கல்லு. ஆளு உசரத்துக்குப் போட்டிருக்கீரு. கல்வெட்டாக்கும். பேரூராட்சி சேர்மன்ல ஆரம்பிச்சு யாரு யாரு பேரு வரும்னு எனக்கே மனப்பாடம். எங்க ஊரு வழக்கம் உமக்குத் தெரியாது. இங்கன ஒரு சேர்மனைச் சாமியாவே கும்பிடுதோம். அருணாசல சுவாமி. 1908-ல, முப்பது வயசு நிறையுததுக்கு முன்னாலயே போயிட்டாரு. ஆடி அமாவாசைக்கு வந்து பாரும், ஆத்தங்கரை கொள்ளாது. ஆனா அவருக்குப் பொறவு வந்தவங்க யாரும் சாமியாகல. அம்புட்டுப் பேரும் கல்வெட்டுதான் ஆனாவ.

"நன்கொடை"ன்னு மட்டும் அதுல வெட்டிராதீரு. 1948-லயே நூலகச் சட்டம் வந்தாச்சு. இப்பவும் வீட்டு வரில ரூவாய்க்குப் பத்து காசு நூலக வரின்னு நான் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். வெள்ளம் வந்த வருசமும் ரசீது வந்துச்சு, ஈரமா.

எனக்கு எதுவும் வேண்டாம் தம்பி. கல்வெட்டுல பேரு வேண்டாம், மேடையில பொன்னாடை வேண்டாம். உள்ள புரவலர் பலகைன்னு ஒண்ணு மாட்டுவாவ, ஆயிரம் ரூவா கட்டினவங்க பேரை எழுதி. அதுல ஒரு ஓரமா என் பேரு இருந்தாப் போதும். இம்புட்டு நேரம் யோசனை சொல்லிருக்கேன். ஆயிரத்தை நீரே கட்டிரும்.